அரையாண்டு லீவுக்கு அந்தமான்: ஆறு இரவு, இரண்டு பிள்ளைகள், மூட்டு வலியோடு மாமியார். இந்தத் திட்டம் சரிவருமா?

கனகாம்பரம்:

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் 25 காலை சென்னையில் விமானம் ஏறுகிறோம், 31 மதியம் ஒரு மணிக்குத் திரும்பும் விமானம். என் வீட்டுக்காரர் நான்கு வருடமாக ஒரு வாரம் சேர்ந்தாற்போல் லீவு எடுத்ததில்லை. இந்த முறைதான் கிடைத்திருக்கிறது. அதனால் இது நல்லபடியாக அமைய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பையன் ஏழாம் வகுப்பு, பன்னிரண்டு வயது. பொண்ணு முதல் வகுப்பு. மாமியாருக்கு அறுபத்தெட்டு. இடது மூட்டில் வலி. சமதரையில் மெதுவாக நடந்துவிடுவார், படி இறங்கத்தான் யாராவது கை கொடுக்க வேண்டும். இராமேஸ்வரம் தவிர வேறு கடல் பார்த்ததில்லை. "நான் வரவில்லை, நீங்கள் போய்ட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆனால் சூட்கேஸில் இப்போதே இரண்டு புடவை எடுத்து வைத்துவிட்டார்.

ஏஜெண்ட் கொடுத்த திட்டம் இது. 25ஆம் தேதி இறங்கியதும் செல்லுலார் சிறை. 26 பாராடாங் சுண்ணாம்புக் குகை. 27, 28 ஹேவ்லாக் தீவு. 29, 30 நீல் தீவு. 31 காலை நீலில் படகு ஏறி போர்ட் பிளேயர் வந்து அப்படியே விமான நிலையம்.

என் சந்தேகங்கள்: அந்தச் சமயம் மழை இருக்குமா? பொண்ணுக்குக் காரில் போனாலே வாந்தி வரும், படகில் என்ன செய்வது? பையன் கடலுக்கடியில் முங்கும் ஸ்கூபா, ஸ்கூபா என்று மூன்று மாதமாகக் கேட்கிறான். அப்புறம், பாராடாங் போகும் வழியில் ஜாரவா பழங்குடி மக்களைப் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு நல்ல அனுபவம் என்று ஏஜெண்ட் சொன்னார். அது எப்படி?

பழைய போர்ட்பிளேயர்க்காரி:

கனகாம்பரம், உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசி நாளை மாற்றுங்கள். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை.

என் அப்பா அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர். நான் படித்தது, வளர்ந்தது எல்லாம் போர்ட் பிளேயரில்தான். பதினைந்து டிசம்பர் அங்கே பார்த்திருக்கிறேன். டிசம்பர் என்றால் நம் ஊரில் பெய்யும் அதே வடகிழக்குப் பருவமழைதான் அங்கேயும். மாதக் கடைசியில் பெரும்பாலும் வானம் தெளிந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வங்காள விரிகுடாவில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் போதும், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே படகை நிறுத்திவிடுவார்கள். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் அப்படித்தான் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவர வேண்டியிருந்தது. பின்னால் வர்தா புயலாகச் சென்னையைத் தாக்கியது அதேதான். அவ்வளவு பெரிதாக ஒன்றும் வர வேண்டாம். ஒரே ஒரு காலைப் படகு ரத்தானால்கூட உங்கள் 31ஆம் தேதி விமானம் போய்விடும். புத்தாண்டுக் கூட்டத்தில் ஐந்து பேருக்கு மறுநாள் டிக்கெட் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

ஆகவே வெளித் தீவுகளை முதலில் முடியுங்கள், கடைசி இரண்டு இரவு போர்ட் பிளேயரில் இருங்கள். 25 இறங்கி ஓய்வு. 26 காலை ஹேவ்லாக், இரண்டு இரவு. 28 நீல், ஒரு இரவு. 29 மதியம் போர்ட் பிளேயர் வந்துவிடுங்கள். 30 முழுவதும் எதையும் திட்டமிடாமல் காலியாக விடுங்கள். படகு ஒரு நாள் ஓடாவிட்டாலும் அந்த நாள் உங்களைக் காப்பாற்றும். ஓடிவிட்டால், சிறையை அன்றைக்கு நிதானமாகப் பாருங்கள்.

அடுத்தது பொழுது. இதை யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்தமான் இருப்பது நமக்கு வெகு கிழக்கே, மியான்மர் பக்கம். கடிகாரமோ நம் கடிகாரம். டிசம்பர் கடைசியில் காலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், மாலை ஐந்து மணிக்கு விழுந்துவிடும். சென்னையைவிட முக்கால் மணி நேரம் முன்னால். நம் ஊர் வழக்கத்தில் மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, நாலரைக்கு ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரைக்குக் கிளம்பினீர்கள் என்றால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். படகுத்துறையிலிருந்து அது பன்னிரண்டு கிலோமீட்டர். மூன்று மணிக்கு அங்கே இருக்க வேண்டும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்துகொள்கிற உங்கள் மாமியார்தான் அந்த ஊருக்கு முதல் நாளே பழகிவிடுவார், பாருங்கள்.

ராதாநகரில் உயிர்காப்புக் காவலர்கள் இருக்கும் பகுதியில் மட்டும் இறங்குங்கள். அதன் ஓரமாக ஒதுங்கினால் ஒரு அழகான நீலக் குடா வரும், நீல்ஸ் கோவ் என்பார்கள். அங்கே தண்ணீரில் கால்கூட வைக்கக் கூடாது. 2010இல் ஒரு வெளிநாட்டுப் பயணியை உவர்நீர் முதலை கொன்றது அங்கேதான். எச்சரிக்கைப் பலகை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை நம்புங்கள்.

பாராடாங்கை எடுத்துவிடுங்கள். விடியுமுன் எழுந்து, வாகன வரிசையில் காத்திருந்து, காட்டுச் சாலையில் போய், இரண்டு படகு மாறி, குகைக்கு நடந்து, அதே வழியில் திரும்பி வர வேண்டும். வாந்தி எடுக்கும் குழந்தைக்கும் மூட்டு வலிக்கும் அது தண்டனை. ஆனால் அதற்காக மட்டும் சொல்லவில்லை. ஜாரவா மக்களைப் பார்க்கலாம் என்று சொல்லி டிக்கெட் விற்பது எனக்கு வயிற்றெரிச்சல். அவர்கள் சில நூறு பேர்தான் இருக்கிறார்கள். அந்தச் சாலை அவர்கள் காட்டை வெட்டிக்கொண்டு போகிறது. 1956இலேயே அவர்களைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது, அந்தச் சாலையின் பகுதிகளை மூடச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழியில் வண்டியை நிறுத்துவது, படம் எடுப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாம் குற்றம். நமக்கு வரும் சாதாரணத் தட்டம்மை அவர்களுக்குப் பெரும் ஆபத்து. பிள்ளைகளுக்கு ஏதாவது கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால், நாம் ஏன் அந்தப் பக்கம் போகவில்லை என்பதைச் சொல்லிக்கொடுங்கள். ஏழாம் வகுப்புப் பையனுக்கு அது நன்றாகவே புரியும்.

படகு விஷயம். தனியார் படகுகள் ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம். ஏசி போட்டு மூடிய அறை. அரசுப் படகு மெதுவாகப் போகும், ஆனால் மேல்தளத்தில் காற்றில் நிற்கலாம். வாந்தி வரும் குழந்தைக்கு அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பெரிய மருந்து. மூடிய படகு என்றால் கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் இருக்கை கேளுங்கள். முன்வரிசை வேண்டாம், அங்கேதான் அதிகம் தூக்கிப் போடும். கிளம்ப இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது. மாத்திரையைக் குழந்தைகள் டாக்டரிடம் கேட்டு, வயதுக்குத் தகுந்த அளவு ஊரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனை போர்ட் பிளேயரில்தான் இருக்கிறது. மாமியாரின் மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், சூட்கேஸில் அல்ல.

டிக்கெட்டில் பெயர்கள் வேறாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஹேவ்லாக் இப்போது சுவராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. 2018 டிசம்பரில் மாற்றினார்கள். போர்ட் பிளேயர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். எனக்கு வாயில் பழைய பெயர்தான் வருகிறது.

முதல்பயணம்:

மேலே அக்கா சொன்னதை அனுபவித்தவன் நான். போன வருடம் டிசம்பரில் எங்களுக்கும் அதே திட்டம்தான் போட்டுக் கொடுத்தார்கள்: கடைசி இரவு நீல், காலைப் படகு, மதியம் விமானம். காலை ஆறு மணிக்குப் படகுத்துறையில் நின்றோம். கடல் அமைதியாகத்தான் தெரிந்தது. ஏழு மணிக்கு "இன்று படகு இல்லை" என்றார்கள். ஏஜெண்டுக்குப் போன் அடித்தால் எடுக்கவே இல்லை.

மகள் கைக்குழந்தை. பால் பவுடர் டப்பாவில் அடி தெரிந்தது. விமானம் எங்கள் தலைக்கு மேலே போனதா என்று தெரியாது, ஆனால் பன்னிரண்டரை மணிக்கு மனைவி வானத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த வங்காளப் பெரியம்மா பால் காய்ச்சிக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் மாலைதான் படகு. டிக்கெட் பணம் போனது போனதுதான்.

தயவுசெய்து இப்போதே மாற்றுங்கள். பணமாகவும் கொஞ்சம் கையில் வையுங்கள், அந்தச் சின்னத் தீவில் ஏடிஎம்மை நம்பி இருக்க வேண்டாம்.

கடல்நுரை:

பையனின் ஸ்கூபாவுக்கு மட்டும் பதில். வழக்கமாகப் பத்து வயது நிறைந்தவர்களை அழைத்துப் போவார்கள், அதனால் வயது பிரச்சினை இல்லை. ஆஸ்துமா, காதில் அடிக்கடி சீழ், சளி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மூக்கடைப்போடு இறங்கவே கூடாது. காதுக்குள் அழுத்தம் சமன் ஆகாமல் செவிப்பறை பாதிக்கும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைத் திறக்கும் பயிற்சியை வீட்டிலேயே பழக்குங்கள். ஒரு முறை முங்கினால் பன்னிரண்டு மணி நேரமும், பல முறை முங்கினால் பதினெட்டு மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. தீவுகளை முதலில் முடித்துவிட்டால் இந்தக் கவலையும் தானாகவே தீர்ந்துவிடும்.

பவளத்தின் மேல் நிற்க வேண்டாம் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். 2010இலும் 2016இலும் கடல் சூடேறி அங்கே நிறையப் பவளம் வெளுத்துச் செத்தது. பிழைத்திருப்பவற்றின் மேல் நம் கால் பட வேண்டாம்.

கனகாம்பரம்:

அக்கா, உங்கள் பதிலை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். உடனே ஏஜெண்டைக் கூப்பிட்டுப் பாராடாங்கை எடுக்கச் சொல்லிவிட்டார், 31ஆம் தேதிப் படகையும் மாற்றியாயிற்று. தம்பி, உங்கள் கதையைப் படித்துவிட்டு எனக்கு இரவு தூக்கமே வரவில்லை. கடல்நுரை, பையன் இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டே வீட்டில் திரிகிறான்.

ஒரே ஒரு கேள்வி அக்கா. ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீலில் ஒன்று என்றீர்கள். மாமியாரை நினைத்தால் எந்த இடத்தில் அதிகம் தங்குவது நல்லது? அப்புறம் 26ஆம் தேதி என்றதும் மாமியாருக்குச் சுனாமி ஞாபகம் வந்துவிட்டது. அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பழைய போர்ட்பிளேயர்க்காரி:

மாமியாரை முன்னிட்டு என்றால் திருப்பிப் போடுங்கள்: ஹேவ்லாக்கில் ஒரு இரவு, நீலில் இரண்டு. 26 மதியம் ராதாநகர், 27 பிற்பகல் நீலுக்குப் படகு. நீல் சின்னது, பெரும்பாலும் சமதரை, ஆட்டோவில் அரை மணிக்குள் முனைக்கு முனை போய்விடலாம். படகுத்துறை மட்டும் ரொம்ப நீளம். வெயிலில் நடக்க வேண்டும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். பரத்பூர் கடற்கரையில் தண்ணீர் முழங்காலளவில் வெகுதூரம் போகும். அங்கே அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கால் நனைக்கலாம். இயற்கைப் பாலம் என்று லட்சுமண்பூரில் ஒரு பாறை வளைவு காட்டுவார்கள். கடல் வற்றும் நேரத்தில்தான் போக முடியும், வழியெல்லாம் வழுக்குப் பாறை. அதற்கு அவரை அழைத்துப் போகாதீர்கள். நீங்கள் ஒருவர் அவரோடு இருங்கள். வற்று நேரம் நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும், அதனால் முதல் நாளே ஆட்டோக்காரரிடம் கேட்டு வையுங்கள்.

நீலின் ஊர்ப் பெயர்களை அவரிடம் சொல்லுங்கள். பரத்பூர், சீதாபூர், லட்சுமண்பூர், ராம்நகர். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் குடியேறிய தீவு அது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள், புது மண்ணுக்கு இராமாயணப் பெயர்கள் வைத்துக்கொண்டார்கள். இராமேஸ்வரம் பார்த்தவருக்கு அதைச் சொன்னால் வேற்றூர் என்றே தோன்றாது.

சுனாமி பற்றி. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு நான் அங்கேதான் இருந்தேன். அம்மா அடுப்பில் பால் வைத்திருந்தார். சமையலறை அலமாரி ஒரு பக்கமாக நடந்து வந்தது, தட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்தன. நிற்கும் என்று பார்த்தால் நிற்கவே இல்லை. மேட்டில் வீடு என்பதால் தப்பித்தோம். நிகோபார் தீவுகளில்தான் பேரிழப்பு. போர்ட் பிளேயர் பக்கத்தில் சிப்பிகாட் என்று ஓர் இடம். நிலம் தாழ்ந்து, நெல் வயல்களுக்குள் கடல் வந்து, திரும்பிப் போகவே இல்லை. விளையாடப் போன வயல் அது. இப்போது அங்கே தண்ணீரும் பறவைகளும்தான்.

அதனால் உங்கள் மாமியாரிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். அவர் கேட்பது சரியான கேள்வி. அன்றைக்கு நமக்கு எச்சரிக்கை மையம் கிடையாது; 2007இலிருந்து ஐதராபாத்தில் இயங்குகிறது. அதையும் தாண்டி ஒரு விதி போதும்: கடற்கரையில் நிற்கும்போது நிலம் பலமாக, நீண்ட நேரம் ஆடினால், போனைப் பார்க்காமல், பை எடுக்காமல், உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் இறங்கியதும் "மேடு எந்தப் பக்கம்?" என்று கேட்டு அவருக்குக் கையால் காட்டிவிடுங்கள். பயம் பாதியாகக் குறைந்துவிடும். என் அம்மா இன்றைக்கும் எந்தக் கடலோர ஊருக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்.

கடைசியாக, சின்னவள் கிளிஞ்சல் பொறுக்குவாள். பொறுக்கி விளையாடட்டும், ஆனால் அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். பவளத் துண்டும் பல வகைச் சங்குகளும் வன உயிரினச் சட்டத்தில் வருகின்றன, விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள்.

கனகாம்பரம் (ஜனவரி 4):

அக்கா, பத்திரமாக வந்து சேர்ந்தோம். படகு ஒரு நாள்கூட ரத்தாகவில்லை. போகும்போது பொண்ணு ஒரே ஒரு தடவை வாந்தி எடுத்தாள், வரும்போது தூங்கிவிட்டாள்.

30ஆம் தேதி காலியாகக் கிடைத்ததால் சிறையில் அரை நாள் இருந்தோம். சிறகு மாதிரி நீண்ட ஏழு கட்டடத்தில் மூன்றுதான் மீதி இருக்கிறது. ஒரு சிறகின் முகம் இன்னொன்றின் முதுகைப் பார்த்தபடி கட்டியிருக்கிறார்கள், ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று. பையன் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னான். தாழ்ப்பாள் கதவில் இல்லை. கம்பி நீண்டு போய்ப் பக்கத்துச் சுவரில் ஒரு குழிக்குள் விழுகிறது. அவன் கம்பி வழியாகக் கையை விட்டுத் தோள்வரை நுழைத்துப் பார்த்தான். விரல் எட்டவில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று முயற்சி பண்ணிவிட்டு, "அம்மா, திற" என்றான். குரல் மாறியிருந்தது. வெளியே வந்து வெகுநேரம் பேசவில்லை. ஸ்கூபாவைப் பற்றி அவன் சொன்னதைவிட இதைப் பற்றித்தான் அப்பாவிடம் அதிகம் கேட்டான்.

மாமியார் பரத்பூரில் நாற்காலி கேட்கவில்லை. மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. விடுதிக்குப் போனதும் மேட்டைக் காட்டச் சொல்லி, அது வரைக்கும் ஒரு தடவை நடந்தும் பார்த்துவிட்டார்.

கிளிஞ்சலும் நீங்கள் சொன்னபடிதான். கடைசிச் சாயங்காலம் பொண்ணு உள்ளங்கையில் ஒரு வெள்ளைச் சங்கு வைத்துக்கொண்டு, இது ஒன்று மட்டும் என்று அழுதாள். பாட்டி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே அதிலிருந்து இரண்டு ஊதா நிறக் கால் மெதுவாக வெளியே வந்தது. பொண்ணு மூச்சுக்கூட விடாமல் நின்றாள். அப்புறம் அவளாகவே தண்ணீர் ஓரம் போய், ஈர மணலில் வைத்துவிட்டு, அது நகர்ந்து போகும்வரை உட்கார்ந்திருந்தாள்.

ராதாநகருக்கு மூன்று மணிக்கே போய்விட்டோம். அதற்குத் தனியாக நன்றி.

பழைய போர்ட்பிளேயர்க்காரி:

படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். உங்கள் மாமியார் மேடு வரை நடந்து பார்த்தார் என்றதும், அவர் எந்த ஊர் என்று கேட்கிறார்.